லாஞ்ச் கிளம்பிய நேரம்

மண்டபம் படகுத்துறையில் வெயில் பட்டுக் கடல் கண்ணைக் கூச வைக்கிறது. நின்றுபோன அரசாங்க லாஞ்சின் இன்ஜினுக்குள் தங்கசாமி முழங்கை வரை கையை விட்டுத் துழாவுகிறான். பக்கத்தில் ஸ்பானரை நீட்டியபடி வேலாயுதம். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியர்கள். தங்கசாமி பழைய ஜீப் இன்ஜினை வைத்து வீட்டுக்குப் பின்னால் படகு கட்டுவதைச் சொல்லிச் சொல்லி ஆபீசையே சிரிக்க வைத்தவன் வேலாயுதம்தான். இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டுச் சீராக ஓடத் தொடங்குகிறது. "எங்கய்யா கத்துக்கிட்டே?" என்று பார்த்துக்கொண்டு நின்ற பெரிய இன்ஜினியர் தங்கசாமியின் கரி படிந்த கையைப் பிடித்துக் குலுக்குகிறார். "வீட்டுப் படகுல இதே கோளாறோட ஒரு மாசம் மல்லுக்கட்டுனேன் சார்." வேலாயுதம் அழுக்குப்படாத தன் கைகளைப் பார்க்கிறான். "ஏலே, ஞாயித்துக்கெழம படகக் கடல்ல எறக்குறேன், வாரியா?" என்கிறான் தங்கசாமி. "அன்னைக்கு வேலை கெடக்கு" என்கிறான் வேலாயுதம். அவனுக்கு அன்று ஒரு வேலையும் இல்லை.