உள்பக்கம் மட்டும் திறக்கும் கதவு

படகு மோட்டாரின் விசிறியில் சுற்றிய செடியை அறுத்து முடித்துத் திரும்பிய ஜஹைஷ், சேற்றில் தொடைவரை புதைந்துவிட்டான்.

தண்ணீர் தாடியைத் தொட்டது.

படகில் அவன் சித்தப்பா மகள் வஸ்னா, சந்தையில் எருமைப் பாலாடை விற்றுத் தீர்ந்த தட்டுகளை நிதானமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜஹைஷ் என்றால் குட்டிக் கழுதை. கண் படக் கூடாதென்று வைத்த பெயர். இதுவரை பட்டதில்லை.

அறுபட்ட செடி கழுத்தைச் சுற்றி மிதந்தது. அதற்கு வேர் கிடையாது. இலை எது, தண்டு எது என்று பாக்தாதிலிருந்து வந்த வாத்தியார்கள் சண்டை போட்டார்கள், வறுத்த மீனைத் தின்றார்கள், போய்விட்டார்கள். எருமைகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். நூல் நூலான பச்சையில் கடுகளவு பைகள். ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் மட்டும் திறக்கும் கதவு. நீர்ப்பூச்சி நுழைந்தால் நுழைந்ததுதான்.

ஜஹைஷுக்கு நீர்ப்பூச்சிகள் மேல் திடீரென்று பாசம் வந்தது.

“கோலை நீட்டு வஸ்னா! என்ன வேடிக்கை பாக்குற?”

அவள் கோலைத் தண்ணீருக்குள் விட்டாள். ஆனால் நீட்டவில்லை.

“பெரியப்பா மவனே, அப்பாஸ் மேல ஆணையா தடையை எடுத்துட்டேன்னு சொல்லு.”

அந்தச் சதுப்பில் சித்தப்பா மகளைக் கட்டும் முதல் உரிமை பெரியப்பா மகனுக்கு; அவன் ‘கூடாது’ என்று ஒரு சொல் சொன்னால், அவளை வேறு எவனும் கட்ட முடியாது. பாய் முடைகிற ஒருவன் வஸ்னாவைப் பெண் கேட்டபோது ஜஹைஷ் அதைச் சொன்னான். காரணம் அவனுக்கே மறந்துவிட்டது. பிறகு அவன் வேறு இரண்டு பேரைக் கட்டிக்கொண்டான். பாய்க்காரன் பேரன் எடுத்துவிட்டான். வஸ்னாவுக்குத் தலை நரைத்துவிட்டது.

மற்றச் சத்தியங்களைக் கரையேறியதும் மறந்துவிடலாம். தர்காவில் அடங்கியிருக்கும் அப்பாஸின் பெயரில் செய்ததை மீறினால் வாய் கோணிப்போகும் என்று எருமைக்கும் தெரியும்.

தண்ணீர் கீழுதட்டுக்கு வந்தது.

“அப்பாஸ் மேல ஆணையா... எடுத்துட்டேன்!”

நீருக்கடியில் கோல் முன்பே அவன் அக்குளுக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. ஒரே நெம்பு.

படகில் குப்புறக் கிடந்தவன், மூச்சு வந்ததும் கேட்டான்: “யாரு அவன்? எவன் கேட்டு வந்திருக்கான்?”

“யாருமில்ல.”

“அப்புறம் எதுக்குடி இந்தக் கூத்து?”

அவன் தாடியில் சிக்கியிருந்த செடியை அவள் அறுபடாமல் பிரித்தெடுத்துத் தண்ணீரில் விட்டாள்.

“இனிமே எவனாவது கேட்டு வந்தா, வேணாம்னு நானே சொல்லிக்குவேன்.”