ஏஸ் ஜோடியைத் தூக்கிப் போட்டவள்

“ஆன்ட்டி, கையில இருக்கறதே ஒரு பிடி. இதை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்தான் ஓட்டுவீங்க?”

பக்கத்து நாற்காலி ரென்சோ சிரித்தான். அவன் முன்னால் போக்கர் வில்லைகள் கோபுரம் கோபுரமாக நின்றன. நெனிதாவின் முன்னால் ஒரே ஒரு குட்டை அடுக்கு.

“ஓடற வரைக்கும் ஓட்டுவேன்ப்பா.”

மணிலாவின் அந்தச் சூதாட்டக் கூடத்தில் நடந்த போட்டியில், காலையில் நிரம்பி வழிந்த மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. வில்லை தீர்ந்தவர் எழுந்து போக வேண்டியதுதான். சுற்றுக்குச் சுற்று ஏறிய கட்டாயப் பந்தயம் நெனிதாவின் அடுக்கை அரித்தது.

அவள் அசரவில்லை. எல்லாரும் தயங்குகிற நேரம் பார்த்து, “ஆல் இன்” என்று மொத்தத்தையும் நடுவே தள்ளினாள். எதற்கு வம்பு என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, அங்கே கிடந்த கட்டாயப் பந்தயத்தை வழித்துக்கொண்டாள். இன்னும் ஒரு சுற்றுக்குத் தாங்கும்.

“ஆன்ட்டிக்கு நரம்பெல்லாம் இரும்பு!” ரென்சோ தொடையில் தட்டிக்கொண்டான். “காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலையே நீங்க? இந்தாங்க.”

தனக்கு வந்த கோழிக் கஞ்சியில் பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தான். “எங்கம்மா வைக்கற கஞ்சிக்கு முன்னால இதெல்லாம் சும்மா.”

“அம்மா நல்லா பாத்துக்கறாங்களா?”

“எனக்கு ஒண்ணுன்னா உசிரையே விட்டுருவாங்க.”

நெனிதா தலையை ஆட்டிவிட்டு, கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

அடுத்த ஆட்டத்தில் எதிரே இருந்த பெரியவர் இஸ்கோ மொத்தத்தையும் தள்ளினார். நெனிதா தன் சீட்டுகளின் ஓரத்தை நிமிர்த்திப் பார்த்தாள். நெடுநேரம் யோசித்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் தள்ளிவிட்டாள். தள்ளிய வேகத்தில் அவை மல்லாந்து விழுந்தன.

ஏஸ் ஜோடி!

“அடிப்பாவி தங்கச்சி!” இஸ்கோ எழுந்தே விட்டார். “இதைவிடப் பெரிய கை சீட்டுக்கட்டுலயே கிடையாதே!”

“ஜெயிச்சிருந்தா ரெட்டிப்பாயிருக்கும், ஆன்ட்டி!” என்றான் ரென்சோ.

“தோத்திருந்தா எந்திரிச்சுப் போயிருக்கணும்.”

“இப்படிப் பயந்தா எப்படிக் கோப்பையைத் தூக்கறது?”

நெனிதா மிச்சமிருந்த வில்லைகளை நேராக அடுக்கிவைத்தாள்.

மேற்பார்வையாளர் வந்தார். “ரென்சோ, அந்த மேசையில ஆள் குறையுது. உங்களை அங்க மாத்தியிருக்கு.”

ரென்சோ வில்லைகளைத் தட்டுகளில் அள்ளிக்கொண்டான். கிளம்பும்போது என்ன தோன்றியதோ, பெரியவர்களிடம் விடைபெறுகிற முறைப்படி நெனிதாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

“விட்டுடாதீங்க ஆன்ட்டி. கடைசி மேசையில பாக்கலாம்.”

அவன் போய் உட்கார்கிறவரை நெனிதா பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு வந்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை.

“ஆல் இன்.”

இஸ்கோ உடனே பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டார். நெனிதாவின் சீட்டுகளைப் புரட்டினால், ஒரு இரண்டும் ஒரு ஏழும். ஒரே நிமிடத்தில் எல்லாம் போயிற்று.

“உனக்கென்ன பைத்தியமா தங்கச்சி? ஏஸைத் தூக்கிப் போட்டுட்டு, பாக்காத சீட்டுல கொண்டுபோய் வைக்கிறியே!”

“இனிமே இந்த நாற்காலியில எனக்கு வேலை இல்லண்ணே.”

பெற்ற அன்றைக்கே வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்ட மகனின் நெற்றி பட்ட கையை, இன்னொரு கையால் பொத்திக்கொண்டு அவள் வாசலை நோக்கி நடந்தாள்.