அன்புக்கரசியின் விருப்பப் பாடம்

டாக்டர் கை பட்டால் இல்லாத வியாதியும் வந்துவிடும் என்பது சுப்புராயனின் கட்சி. நொச்சிக்குப்பம் மீன் கடையில் அவர் வஞ்சிரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது, நர்சிங் படிக்கும் மகள் அன்புக்கரசி நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள்.

“நைனா, விருப்பப் பாடம் ஒண்ணு எடுக்கணும். தூக்கத்தைப் பத்தி ஒண்ணு கீது. எடுக்கட்டா?”

“தூங்கறதுக்கு இன்னாத்துக்குப் படிப்பு? ராவுல நாலு தபா ஒண்ணுக்கு எழுப்பிவுடுது. அது நின்னா தூக்கம் தானா வரும்.”

அன்புக்கரசி எழுதிக்கொண்டாள். “சாப்பாட்டைப் பத்தி?”

“குண்டான் குண்டானா துன்றேன், சட்டை தொளதொளன்னுதான் ஆவுது. சாப்பாட்டை நம்பாதே.”

“சரி, உடற்பயிற்சி?”

“உள்ளங்கால் எரியற எரிச்சல்ல நிக்கவே முடியல, குதிக்கச் சொல்றியா? எல்லாம் ஏமாத்து வேலை. எதையும் எடுக்காதே!”

“எடுக்கல நைனா. வேற பாடம் போன வாரமே எடுத்துட்டேன்.”

“அப்புறம் இன்னாத்துக்கு என்னைக் கேட்டே?”

“ஆஸ்பத்திரி பக்கமே வராதவங்ககிட்ட பேச்சுக் குடுத்து, உடம்புக்கு இன்னான்னு தெரிஞ்சுக்கறதுதான் அந்தப் பாடம்.”

நோட்டைத் திருப்பிக் காட்டினாள். சுப்புராயனுக்கு எழுத்துக்கூட்டாமல் படிக்க வருகிற ஒரே வார்த்தை மேலே இருந்தது. அவர் பெயர்.

“சுகர் மாதிரி தெரியுது நைனா. நாளைக்கு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் குடு. நீ வந்தாதான் எனக்கு மார்க்கு.”

சுப்புராயன் மகளையும் நோட்டையும் மாறி மாறி முறைத்தார்.

“மார்க்குக்காவத்தான் வரேன். வியாதிக்காவ இல்ல, சொல்லிட்டேன்!”