சாயம் ஏறாத நூல்

"இது அசல்தானான்னு மட்டும் சொல்லுங்க," என்றாள் கெர்லிண்ட் பிராண்டஸ்.

பழைய ஜெர்மன் ராணுவ உடைகளைச் சேகரிக்கும் ஃபோல்க்மார், அவள் தன் வீட்டு மேஜையில் விரித்த பழுப்புக் கோட்டின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார்.

"அசல்தான், திருமதி பிராண்டஸ். உள்ள சாம்பல்பச்சை தெரியுது. ஆனா சாயம் முக்கிக் கெடுத்துட்டாங்களே, நல்ல விலைக்குப் போகாது."

"எதுக்குச் சாயம்?"

"போர் முடிஞ்சதும் ராணுவ நிறத்துல உடுத்தக் கூடாதுன்னு உத்தரவு. உயிரோட திரும்பினவங்க, மாத்துத்துணி இல்லாம இப்படி முக்கிப் போட்டுக்கிட்டாங்க."

"உள்பையில தைச்சிருக்கிற பேரு?"

"எவால்ட் ஹென்னிங். வெள்ளை நூல்ல ஒரு பொட்டுச் சாயம்கூட ஏறலை. முக்கின பிறகு தைச்சது. போருக்கு அப்புறம் இதைப் போட்டவர் பேருதான் இது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கப்பா. நாப்பத்திநாலுல போர்முனையிலயே செத்துட்டார்னு அம்மா சொன்னாங்க."

"அப்போ இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

"நேத்து ஒருத்தர் கொண்டுவந்து, நான் உங்க தம்பின்னார். புளுகுறார்னு நினைச்சு வீட்டுக்குள்ளயே விடலை. இன்னிக்கும் வந்து வெளியிலதான் நிக்கிறார்."

எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"உள்ள வா, தம்பி. அப்பா காபிக்கு எத்தனை சர்க்கரை போட்டுக்குவார்?"