ஐந்தாவது வருடப் படம்

ஒரே ரத்தத்தில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது, இன்னொருவருக்கு ஏன் வரவில்லை என்று டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக அக்காவும் தம்பியும் ஐந்து வருடம் தலையை ஸ்கேன் எடுத்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மனச்சிதைவு வந்த தம்பியின் மூளை நடுவே இருந்த குழி வருடா வருடம் பெரிதானது. அக்காவுடையது அப்படியே இருந்தது.

ஐந்தாவது வருடம் அவள் தனியாக வந்தாள்.

"தம்பி வரலையா?" என்றார் ஸ்கேன்காரர்.

"போய்ச் சேந்துட்டான். நாலு மாசமாச்சு."

புதைத்த இடத்தில் புல்கூட முளைத்துவிட்டது. ஆனால் புகுந்த வீட்டில் அவளால் வாய்விட்டு அழ முடியவில்லை. அவன் நோயை மறைக்க, கூடப்பிறந்தவன் சின்ன வயதிலேயே இறந்துபோனான் என்று சொல்லித்தான் அவள் கல்யாணமே நடந்தது. இருபது வருடத்துக்கு முன்பே வாயால் சாகடித்துவிட்ட தம்பிக்கு இப்போது எந்த முகத்தோடு அழுவது?

வழக்கம்போலத் தோட்டைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, மெஷினுக்குள் நாற்பது நிமிடம் அசையாமல் படுத்திருந்தாள். எழுந்து வந்தபோது ஸ்கேன்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷினுக்குள் போனது அவள் ஒருத்திதான்; திரையில் இரண்டு படங்கள் இருந்தன. இரண்டிலும் இன்றைய தேதி. அவள் மூளையில் மாற்றமில்லை. தம்பியுடையதில் குழி போன வருடத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் பெரிதாகியிருந்தது.

"இது பழைய படம் இல்லீங்க," என்றார் அவர். "அவர் செத்துட்டாருன்னு சொன்னீங்களே?"

அவள் தோட்டை மாட்டி, நிதானமாகத் திருகினாள்.

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."