பேர் வெட்டிய கல்

மீசையை எடுத்து, மொட்டையும் போட்டுக்கொண்டு வந்து நின்ற புருஷனைப் பார்த்ததும் அழகம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மனிதர்கள் கோட்டும் தொப்பியுமாக நிற்கிற இடம் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, எப்பவோ செத்த தொரைக்கு இவன் மொட்டை போட்டிருக்கான்," என்று சங்கத்துச் செயலாளர் றோலண்ட் மற்றவர்களிடம் பெருமையாகக் காட்டினார். "விசுவாசம்னா இதுதான்."

சின்னராசா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஒரு சாக்கை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"சாக்குல என்னடா?"

"சாமானுங்க ஐயா."

"கீழ வையேன்."

"இருக்கட்டுங்க. கனமில்ல."

டிக்கோயாவுக்கு அப்பால் ஆற்றை மறித்து அணை கட்டியாகிவிட்டது. நாளைக்கு மதகை மூடினால் பாதி ஊர் தண்ணீருக்குள் போகும், மிச்சம் ஏரிக்கரை ஊராகிவிடும். போகிற பாதியிலிருந்து எதை எதை மேட்டுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றுவது என்று தீர்மானிக்கத்தான் இந்தப் பழமை பாதுகாப்புச் சங்கம்.

நன்றாகவே காப்பாற்றினார்கள். கிளப்பின் மணிக்கூடு மேட்டுக்குப் போயிற்று. துரைமார் குதிரைகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி போயிற்று. இந்த ஊரையே உண்டாக்கியவர் என்று அவர்கள் சொல்லும் பழைய துரை, கல்லறைக் கல்லோடு இன்றைக்குப் போகிறார். சுதந்திரம் வந்து இத்தனை வருஷமாகியும் முதல் மரியாதை அவருக்குத்தான்.

அதே சரிவில், துரையின் கல்லறைக்குக் கொஞ்சம் கீழேதான் தேயிலைத் தோட்டத்து வேலையாட்களை, லயத்து ஆட்களைப் புதைக்கிற இடம். சின்னராசாவின் தாய் பேச்சியம்மா அங்கே கிடக்கிறாள். தாயில்லாப் பெண்ணாக வாழவந்த அழகம்மாவுக்குத் தலைவாரிப் பூவைத்தவள், பிரசவத்தில் பக்கத்தில் இருந்தவள். அவளும் நாளைக்குத் தண்ணீருக்குள் போகப்போகிறாள்.

போன மாதம் புருஷனும் பெண்சாதியும் சங்கத்துக்குப் போய்க் கேட்காமல் இல்லை.

"பேர் வெட்டின கல் இருக்கா?" என்றார் றோலண்ட்.

"கல்லு இல்லீங்க. செவ்வரளி ஒண்ணு வச்சிருக்கோம்," என்றான் சின்னராசா.

"செவ்வரளியெல்லாம் சரித்திரமாகாதுப்பா."

"நாங்களே எடுத்துக்கிறோம் ஐயா. மேட்டுல ஆறடி மண்ணு மட்டும் குடுங்க," என்றாள் அழகம்மா. "தோட்டத்துல கேட்டோம். மேல எல்லாம் தேயிலை, எடமில்லைன்னு வெரட்டிட்டாங்க."

"நாங்க வேலி போட்டிருக்கிறது நினைவுப் பூங்காவுக்கு. அதுல கண்டவங்களையும் கொண்டாந்து வைக்க முடியாது."

"குதிரைத் தொட்டிக்கு எடமிருக்கு. எங்க அத்தைக்கு இல்லீங்களா?"

றோலண்ட் கதவைச் சாத்தினார்.

அந்த றோலண்ட் துரையைத் தோண்டி எடுக்க ஆள் தேடியபோது, முதல் ஆளாகப் போய் நின்றவன் இந்தச் சின்னராசாதான். மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவன், மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, அதிலெல்லாம் குறையில்லை. சூடு சொரணைதான் இல்லை. லயத்தில் யாரும் அவனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அழகம்மா சோறு போட்டதோடு சரி.

கல்லறையைச் சுற்றிப் படங்குத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். துரையின் பெருமையை மணிக்கணக்காகப் பேசுகிற பெரிய மனிதர்களுக்கு அவருடைய எலும்பைப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை. சின்னராசா சாக்கும் மண்வெட்டியுமாகத் தனியே உள்ளே போனான்.

வெகுநேரம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அப்புறம் சுத்தியல் சத்தம். படங்கை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவனின் முகமெல்லாம் புழுதி.

"ஆணி அடிச்சாச்சுங்க ஐயா. தூக்கலாம்."

பித்தளைப் பிடி போட்ட புதுப் பெட்டி. நாலு பேர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார்கள், முன்னால் றோலண்ட். பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டு நடந்தார். லயத்தில் ஒரு சீவன் போனால், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் ஆள் குறைகிறதென்று திட்டுகிற ஊர் இது. இப்போது பெட்டிக்குள் இருக்கிற நாலு எலும்புக்கு எத்தனை பவ்வியம் என்று அழகம்மா மனசுக்குள் கறுவினாள்.

பெட்டிக்குப் பின்னால் செருப்பில்லாமல், கைகட்டி நடந்து போனான் சின்னராசா. அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்குவதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அவன் பக்கத்தில் போனாள்.

"பெத்தவ தண்ணிக்குள்ள போகப்போறா. நீங்க வெள்ளைக்காரனுக்கு அழுவுறீங்க," என்றாள் அடிக்குரலில். "நான் அக்கரப்பத்தனைக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். இனிமே உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டுப் பாதையில் சேறு வழுக்கி றோலண்டின் கால் இடறியது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சின்னராசா பதறிப்போய்க் கையை நீட்டிப் பெட்டியைத் தாங்கிப் பிடித்தான். அது நிமிர்ந்த பிறகுதான் அவள் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"குலுக்காமத் தூக்கச் சொல்லு புள்ள. அம்மாவுக்கு இடுப்பு வலி."