மினுக்கம் காணாது

"நான் உள்ள வரேல்லை. நீங்களே போய்ப் பாத்திட்டு வாங்கோ" என்று கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கிச் சொன்னார் கமலாம்பிகை.

"மருமகளா வரப்போறவளை மாமி பாக்காமல் நான் மட்டும் பாத்து என்ன செய்யிறது?"

"உங்களுக்குத்தானே அவளைப் பிடிக்கேல்லை. எனக்கென்ன?"

சண்முகலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகன் மிதுனனுக்கு முப்பத்துமூன்று வயது. கட்டினால் துவாரகாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவள் செய்கிற தொழிலோ துவக்குச் செய்வது. துவக்குக்கும் குண்டுக்கும் பயந்து கடல் தாண்டி வந்த குடும்பத்துக்குள் துவக்குச் செய்கிறவள் ஒருத்தியா? வேண்டாம் என்று சொல்ல ஒரு நல்ல காரணம் தேடித்தான் மில்லிக்கனில் இருந்த அவளுடைய கடைக்கு வந்திருந்தார். ஆளைக் காட்டிக்கொள்ளாமல், துவக்கு வாங்க வந்தவராக நடித்துக் குறை பிடிப்பது அவருடைய திட்டம்.

அதற்கு நாள் குறித்துத் தந்தது கமலாம்பிகை. அதுவும் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் நகம்கூட வெட்டாத மனுஷிக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை.

கடைக்குள் எண்ணெய் மணத்தது. நீல ஏப்ரனில் கையைத் துடைத்தபடி துவாரகா வந்தாள்.

"வாங்கோ அங்கிள். என்ன வேணும்?"

"வேட்டைக்கு ஒரு துவக்குச் செய்விக்கலாமெண்டு. முதல்ல உங்கட வேலையைப் பாக்கவேணும்."

அவள் உள்ளே போய், ஒரு சாண் நீள உருக்குத் துண்டு ஒன்றைப் பச்சைத் துணியில் ஏந்தி வந்தாள்.

"இதுதான் றிசீவர். துவக்கின்ர உடம்பு எண்டு வையுங்கோ. குழல், பிடி எல்லாம் இதிலதான் பூட்டுறது. நேற்றுத்தான் முடிச்சனான். முடிஞ்ச பிறகு செய்விக்கிற ஆள்கூட இன்னும் பாக்கேல்லை. நீங்கள்தான் முதல்."

அதன் பக்கத்தில் நீட்டியிருந்த சின்னக் கைப்பிடியை ஒரு விரலால் பின்னுக்கு இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டுத்தான் நீட்டினாள்.

சண்முகலிங்கம் வாங்கினார். பாரமாக, குளிர்ந்துபோய் இருந்தது. எந்த இடத்தில் தடவினாலும் விரல் தடக்கவில்லை, நன்றாகத் தேய்ந்த அம்மிக்குழவி மாதிரி. பிடித்துப் போய்விட்டது. அதுதான் அவருக்கு எரிச்சல்.

"மினுக்கம் காணாது" என்றார்.

"வேணுமெண்டுதான் மங்கலா விட்டனான் அங்கிள். மினுங்கினால் வெயில் பட்டுக் கண்ணுக்குள்ள அடிக்கும். குறி பாக்கேலாது."

"கறுப்புப் பூச்சும் வடிவா ஏறேல்லைப் போல கிடக்கு."

அவள் கோபிக்கவில்லை. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கறுப்பு ஏறியிருக்கு. ஆனா நீங்கள் காணாத குறை ஒண்டு இருந்தது. உள்ளுக்க, நூல் மாதிரி ஒரு கீறல். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் கண்டனான். கறுப்பை முழுக்க உரிச்சு, அராவி, முதல்ல இருந்து திருப்பிச் செய்தனான்."

"உள்ளுக்க கிடக்கிறதை ஆர் பாக்கப் போயினம்? விட்டிருக்கலாமே."

"செய்விக்கிற ஆள் லேசில விடாது அங்கிள். விளிம்பு கையைக் கிழிக்குதெண்டு ஏற்கெனவே இரண்டு தரம் திருப்பித் தந்திட்டுது. ஆள் விட்டாலும், கீறல் கிடக்குதெண்டு எனக்குத் தெரியுமே."

குறை பிடிக்க வந்தவரிடம் தன் குறையைத் தானே எடுத்து வைக்கிறாள். சண்முகலிங்கம் கடைசி அம்பையும் எடுத்தார்.

"அந்த ஆளுக்கு வேற ஒண்டு செய்து குடுங்கோ. உந்தத் துண்டை எனக்குத் தாங்கோ."

"அது சரிவராது. இது அவையின்ர கை அளவுக்குச் செய்தது. உங்களுக்குப் புதுசாச் செய்வம். லைசென்ஸைத் தாங்கோ."

அவர் மிடுக்காக எடுத்துக் கொடுத்தார். துவாரகாவுக்குச் சிரிப்பு வந்தது.

"இது கார் ஓடுற லைசென்ஸ் அங்கிள். துவக்குக்கு வேற லைசென்ஸ் இருக்கு. சட்டப்படி இந்தத் துண்டுதான் துவக்கு, அந்த லைசென்ஸ் இல்லாட்டி விக்கேலாது." பிறகு பெயரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "நீங்கள்... மிதுனன்ர அப்பாவோ?"

சண்முகலிங்கம் கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"ஓம் பிள்ளை. வேண்டாம் எண்டு சொல்லத்தான் வந்தனான்."

"சொல்லுங்கோ." பச்சைத் துணியை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பிடிச் சொல்லுறது? ஒருத்தரும் பாக்காத கீறலுக்கு இவ்வளவு பாடுபடுற பிள்ளை வந்தால் என்ர வீடெல்லோ நல்லா இருக்கும். இனி அங்கிள் இல்லை, மாமா எண்டு கூப்பிடும்."

துவாரகாவுக்குக் கண் கலங்கியது. தேர்தலில் வென்றவர்போல சண்முகலிங்கம் எழுந்து நின்றார். அப்போதுதான் காருக்குள் இருப்பவரின் நினைவு வந்தது.

"இனி என்ர மனுசியைத்தான் வழிக்குக் கொண்டுவர வேணும். ஞாயிறு விடிஞ்சால் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் எண்டு ஓடுறவ. அங்க என்னத்தைத் தூக்கிறாவோ, பின்னேரம் வலது தோள் நோகுதெண்டு சித்தாலேப பூசுவா. துவக்கைக் கண்டால் மயங்கி விழுந்திடுவா. உந்தத் துண்டை மூடி வையும்."

உதட்டைக் கடித்துக்கொண்டு துவாரகா துணியால் மூடினாள். அவர் வாசலில் நின்று கையைக் காட்டி மனைவியைக் கூப்பிட்டார்.

உள்ளே வந்த கமலாம்பிகை நேராக மேசைக்குப் போனார். துணியை விலக்கினார். அந்தச் சின்னக் கைப்பிடியை ஒரு விரலால் பின்னுக்கு இழுத்து உள்ளே பார்த்தார். யன்னல் பக்கம் உயர்த்தி ஒற்றைக் கண்ணால் துளைக்குள் பார்த்தார். பிறகு பெருவிரலால் விளிம்பு முழுக்கத் தடவினார்.

"கமலா, கவனம். அது துவக்கு" என்றார் சண்முகலிங்கம்.

"தெரியும்" என்றபடி கமலாம்பிகை கைப்பையிலிருந்து தன் துவக்கு லைசென்ஸை எடுத்துத் துவாரகாவின் முன்னால் வைத்தார். "இந்த முறை கையைக் கிழிக்கேல்லை பிள்ளை. ஞாயிறு காலமைப் போட்டிக்கு முதல் பூட்டித் தந்திடு."